கேட்டமரானில் பாயைக் குறைப்பது: எப்போது, ஏன்

ஒற்றை உடல் பாய்ப்படகில் பழகியவர்கள் முதல்முறை இரட்டை உடல் கொண்ட கேட்டமரானை வாடகைக்கு எடுக்கும்போது ஒரு குழப்பம் வரும். படகோடு கொடுத்த கையேட்டில் '20 நாட் காற்றில் முதல் ரீஃப்', அதாவது பாயை ஒரு கட்டம் குறைக்கவும், என்று போட்டிருக்கும். காற்றுமானி 22 காட்டுகிறது. ஆனால் படகு நேராக நிற்கிறது, மேசைமேல் வைத்த தம்ளர் நகரவில்லை, வேகமும் நன்றாக இருக்கிறது. எல்லாம் சரியாகத்தானே போகிறது, எதற்குப் பாயைக் குறைக்க வேண்டும்? பழைய படகாக இருந்தால் இதே காற்றில் தளத்தின் ஓரம் தண்ணீரைத் தொட்டிருக்கும். யாரும் சொல்லாமலே பாயை இறக்கியிருப்பார்கள்.

கையேட்டை எழுதியவர் தேவையில்லாமல் பயப்படவில்லை. அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. அது புரிந்துவிட்டால், எப்போது குறைப்பது என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

## சில சொற்கள்

இரண்டு ஒடுக்கமான உடல்களை அகலமான ஒரு பாலத்தளம் இணைத்தால் அது கேட்டமரான். வாடகைக்குக் கிடைப்பவை பெரும்பாலும் 38 முதல் 50 அடி நீளமுள்ளவை. 42 அடிப் படகு என்றால் அகலம் 7 மீட்டரைத் தாண்டும்.

பாய்மரத்துக்குப் பின்னால், பூம் என்ற கிடைத்தண்டோடு சேர்ந்திருக்கும் பெரிய பாய் மெயின். முன்னால் சுருட்டி வைக்கும் பாய் ஜிப். மரத்தைத் தாண்டிப் பின்னால் வரும் அளவுக்குப் பெரிதாக இருந்தால் அதை ஜெனோவா என்பார்கள். மெயினைக் கொஞ்சம் கீழிறக்கி, இறங்கிய பகுதியைப் பூமோடு இறுக்கிப் பரப்பைக் குறைப்பதுதான் ரீஃப். எவ்வளவு இறக்குகிறோம் என்பதைப் பொறுத்து முதல், இரண்டாம், மூன்றாம் ரீஃப். படகுக்குப் படகு மாறினாலும், முதல் ரீஃபில் மெயினின் பரப்பு ஐந்தில் ஒரு பங்குக்கு அருகில் குறையும். மூன்றாவதில் பாதியோ அதற்கு மேலோ போய்விடும்.

மரத்தை இரு பக்கமும் இழுத்துப் பிடிக்கும் எஃகுக் கம்பிகள் ஷ்ரவுட். பாயை ஏற்றும் கயிறு ஹால்யார்ட். பாயின் கோணத்தை மாற்ற இழுத்தும் தளர்த்தியும் விடும் கயிறு ஷீட். காற்று வந்து மோதும் பக்கத்தைக் காற்றுப்பக்கம் என்றும், எதிர்ப்பக்கத்தை ஒதுக்குப்பக்கம் என்றும் இங்கே சொல்கிறேன். நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல், அதாவது 1.852 கிலோமீட்டர்.

## சாயும் படகும் சாயாத படகும்

ஒற்றை உடல் படகின் அடியில் ஈயமோ இரும்போ நிறைந்த கனமான கீல் இருக்கும். காற்று பாயைத் தள்ளும்போது படகு சாய்கிறது. சாயச் சாய, பாய் காற்றுக்குக் காட்டும் உயரம் குறைகிறது, ஒரு பகுதி காற்று பாயின் மேலாக வழிந்து போய்விடுகிறது. அதே நேரத்தில் கீல் பக்கவாட்டில் உயர்ந்து படகை நிமிர்த்தப் பார்க்கிறது. காற்று கூடினால் படகு இன்னும் சாயும், சுமையின் ஒரு பகுதி தானாகக் கழியும். நாணல் வளைவது போலத்தான். ஓட்டுபவருக்கும் செய்தி உடனே போய்விடும்: கால் வழுக்கும், சமையலறையில் பாத்திரம் உருளும், சுக்கான் கையை இழுக்கும்.

கேட்டமரானில் கனமான கீல் கிடையாது. அதன் நிலைத்தன்மை முழுக்க அகலத்திலிருந்து வருகிறது. காற்று தள்ளினால் ஒதுக்குப்பக்க உடல் சற்று அமிழும், காற்றுப்பக்க உடல் சற்று லேசாகும், அவ்வளவுதான். சாதாரணமாக ஓட்டும்போது சாய்வு 5 பாகையைத் தாண்டுவதே அபூர்வம். சரி, சாய்ந்து கழிக்காத அந்த விசை எங்கே போகிறது? மரத்துக்கும், ஷ்ரவுட்டுக்கும், அந்தக் கம்பிகள் உடலோடு சேரும் இடத்துக்கும், பாயின் தையலுக்கும் போகிறது. ஒரு பகுதி படகை முன்னே தள்ளும் வேகமாகிறது.

ஆக, ஒற்றை உடல் படகில் பாயைக் குறைப்பது பெரும்பாலும் வசதிக்காகவும் வேகத்துக்காகவும். கேட்டமரானில் அது படகின் கட்டமைப்பைக் காப்பதற்காக. அந்தத் தேவை வந்துவிட்டதா என்பதைப் படகு உடம்புக்கு உணர்த்தாது. எண்ணைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

## கணக்குப் போட்டுப் பார்த்தால்

முதலில் காற்றின் இயல்பு. காற்று ஒரு பரப்பின்மேல் கொடுக்கும் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 10 நாட் காற்றின் அழுத்தத்தை 1 என்று வைத்துக்கொண்டால், 15 நாட்டில் 2.25, 20 நாட்டில் 4, 25 நாட்டில் 6.25, 30 நாட்டில் 9. 20-லிருந்து 30-க்குப் போவது பாதி கூடுதல் போலத் தெரியும். பாய்க்கோ அது இரு மடங்குக்கு மேல்.

இப்போது ஒரு மாதிரிப் படகை எடுத்துக்கொள்வோம். எடை 12 டன், இரு உடல்களின் நடுக்கோடுகளுக்கு இடையே 5.4 மீட்டர், மொத்தப் பாய் 100 சதுர மீட்டர். எண்கள் தோராயமானவை, ஆனால் உண்மையிலிருந்து வெகுதூரம் விலகியவை அல்ல.

1. இந்தப் படகு கவிழாமல் தாங்கக்கூடிய உச்ச நிமிர்த்து விசை, காற்றுப்பக்க உடல் தண்ணீரைவிட்டு எழும் கணத்தில் வருகிறது. அப்போது முழு எடையும் ஒதுக்குப்பக்க உடல்மேல் இருக்கும். 12 டன்னை 2.7 மீட்டரால் (5.4-இல் பாதி) பெருக்கினால் சுமார் 32 டன்-மீட்டர். விசையை அது செயல்படும் தூரத்தால் பெருக்கிய அளவு இது. அந்தக் கணத்துக்கு அப்புறம் இது குறையத்தான் செய்யும்.

2. 20 நாட்டில் காற்றின் அடிப்படை அழுத்தம் சதுர மீட்டருக்கு 6.6 கிலோ. பாயின் வளைவு அதை இன்னும் கூட்டும். 100 சதுர மீட்டருக்குப் பக்கவாட்டு விசை 850 கிலோ என்று வைத்துக்கொண்டால், அது கடல்மட்டத்துக்கு 9 மீட்டர் மேலே செயல்படுகிறது. கவிழ்ப்பு விசை ஏறக்குறைய 7.5 டன்-மீட்டர்.

3. அப்படியானால் 20 நாட்டில் இந்தப் படகு தன் எல்லையில் கால் பங்கைக்கூடத் தொடவில்லை. முழுப் பாயோடு கவிழ வேண்டுமென்றால் அழுத்தம் நாலு மடங்குக்கு மேல் கூட வேண்டும். அதாவது 40 நாட்டுக்குச் சற்று மேல்.

'அப்படியென்றால் 20-ல் ஏன் குறைக்க வேண்டும்' என்ற கேள்வி இங்கே இன்னும் வலுவாக எழும். மூன்று காரணங்கள் இருக்கின்றன.

முதல் காரணம், வீச்சு, அதாவது சில நொடிகளுக்குக் காற்று திடீரென்று பலமாக அடிப்பது. முன்னறிவிப்பில் சொல்லும் காற்று சராசரிக் காற்று. ஆஸ்திரேலிய வானிலைத் துறை தன் கடல் முன்னறிவிப்புகளில், வீச்சு சராசரியைவிட 40 சதவீதம் வரை கூடலாம் என்று வழக்கமாகவே எச்சரிக்கிறது. 1.4-இன் வர்க்கம் ஏறத்தாழ 2. சாதாரண வீச்சு ஒன்றே விசையை இரட்டிப்பாக்கும் என்று அர்த்தம். சராசரி 30 நாட் காற்றில் முழுப் பாயோடு ஓடிக்கொண்டிருந்தால், 42 நாட் வீச்சு ஒன்று போதும், மேலே சொன்ன எல்லையைத் தொட்டுவிட. அந்த நேரத்தில் படகு ஓர் அலையின் சரிவில் சாய்ந்திருந்தால் எல்லை இன்னும் கிட்டே வந்திருக்கும். கீலுள்ள படகு முழுக்கச் சாய்ந்தாலும் திரும்ப எழுந்துவிடும். கேட்டமரான் தலைகீழாகக் கவிழ்ந்தால் அப்படியே மிதக்கும், தானாக நிமிராது.

இரண்டாவது, மரம். அதே 7.5 டன்-மீட்டரை, நடுவிலிருந்து 3.2 மீட்டர் தள்ளி உடலில் கட்டியிருக்கும் காற்றுப்பக்க ஷ்ரவுட்தான் தாங்குகிறது. 20 நாட்டில் அதன்மேல் விழும் இழுப்பு 2.3 டன். 30 நாட்டில் 5 டன்னைத் தாண்டும். 40 நாட்டில் 9 டன்னுக்கு மேல். இது அசையாத கணக்கு. கம்பியை முன்கூட்டியே முறுக்கி வைத்த இழுவிசையும், படகு அலையில் குதிக்கும்போது வரும் அதிர்ச்சியும் இதில் சேரவில்லை. 12 மில்லிமீட்டர் தடிமனுள்ள புதிய எஃகுக் கம்பியே ஏறக்குறைய 11, 12 டன்னில் அறுந்துவிடும். நீண்டகாலம் வெயிலிலும் உப்பிலும் நின்ற வாடகைப் படகின் கம்பி எவ்வளவு தாங்கும் என்பதைச் சோதித்துப் பார்க்க வேண்டாம். கேட்டமரான் கவிழ்வதைவிட மரம் உடைவதற்குத்தான் வாய்ப்பு அதிகம்.

ஒப்பிட்டுப் பார்க்க: 9 டன் எடையுள்ள ஒற்றை உடல் படகு 30 பாகை சாய்ந்து நிற்கும்போது அதன் நிமிர்த்து விசை சுமார் 4.5 டன்-மீட்டர். அதற்கு மேல் காற்று தள்ளினால் படகு இன்னும் சாய்ந்து நழுவிக்கொள்ளும். கேட்டமரானின் மரமோ 32 வரை விடாப்பிடியாகத் தாங்க வேண்டியிருக்கிறது.

மூன்றாவது, நேரம். வாடகைப் படகில் பெரும்பாலும் படகோட்டத் தெரிந்தவர்கள் ஒருவர் அல்லது இருவர்தான், மற்றவர்கள் விருந்தினர்கள். ரீஃப் போட அவர்களுக்குப் பத்து நிமிடம் ஆகலாம். அந்தப் பத்து நிமிடத்தில் காற்று கூடலாம் என்பதையும் கையேட்டின் எண் கணக்கில் எடுத்திருக்கிறது.

இங்கே எதிர்பாராத ஒரு சங்கதியும் உண்டு. தண்ணீர்த் தொட்டி, டீசல், பத்துப் பேர், அவர்களுடைய மூட்டைமுடிச்சு என்று படகை நிரப்பினால் அது கவிழ்வது இன்னும் கடினமாகும், ஏனென்றால் எடை கூடினால் நிமிர்த்து விசையும் கூடும். ஆனால் அதே காரணத்தால் மரத்தின்மேல் ஏறக்கூடிய உச்ச சுமையும் கூடுகிறது. பாரம் ஏறிய படகில் பாயை இன்னும் சீக்கிரம் குறைக்க வேண்டும், தாமதமாக அல்ல.

## எந்தக் காற்றைப் பார்ப்பது

நங்கூரமிட்டு நிற்கும்போது உணரும் காற்றுதான் உண்மைக் காற்று. படகு நகரத் தொடங்கினால் அதன் வேகமும் சேர்ந்துகொள்ளும். பாய் அனுபவிப்பது அந்தக் கூட்டுக் காற்றை. இதை உணரும் காற்று என்று சொல்லலாம். கருவித் திரையில் உணரும் காற்று ஏ.டபிள்யூ.எஸ். என்றும், உண்மைக் காற்று டி.டபிள்யூ.எஸ். என்றும் வரும். எது திரையில் இருக்கிறது என்று முதல்நாளே பார்த்துவிட வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொள்வது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு, அதன் விலை பெரிது.

ஓர் உதாரணம். உண்மைக் காற்று 20 நாட். அது நேர் பின்னாலிருந்து வீச, படகு 8 நாட் வேகத்தில் ஓடுகிறது. உணரும் காற்று 12 மட்டுமே. வெயில் இதமாக இருக்கும், யாருக்கும் பாயைக் குறைக்கும் எண்ணமே வராது. இப்போது கரையின் ஒரு முனையைச் சுற்றித் திரும்ப வேண்டும். காற்று 60 பாகையில் முன்பக்கமாக வரும்படி திரும்பி 7 நாட்டில் ஓடினால் உணரும் காற்று 24 ஆகிவிடும். காற்று ஒரு துளிகூடக் கூடவில்லை. பாயின்மேல் அழுத்தம் நாலு மடங்கு.

எனவே எதிர்க்காற்றில் ஓடும்போது உணரும் காற்றை வைத்து முடிவெடுக்கலாம். காற்று பக்கவாட்டுக்குப் பின்னால் போனதும் உண்மைக் காற்றைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். 'இப்போதே எதிர்க்காற்றில் திரும்ப வேண்டி வந்தால் எந்த ரீஃப் வேண்டும்?' என்று கேட்டு, அந்த ரீஃபை இப்போதே வைத்திருப்பது நல்ல வழக்கம். யாராவது கடலில் விழுந்தால் திரும்பத்தானே வேண்டும்.

## எந்த எண்ணில்

படகின் கையேட்டில் ரீஃப் அட்டவணை இருந்தால் அதுவே கடைசி வார்த்தை. அது இல்லாதபோது, வழக்கமான வாடகைக் கேட்டமரானுக்குப் பொருந்தும் வரிசை இது. எண்கள் உணரும் காற்றுக்கு, எதிர்க்காற்றில் ஓடும்போது:

1. 15 நாட் வரை: முழு மெயின், முழு ஜிப்.
2. 18 முதல் 20: மெயினில் முதல் ரீஃப். பெரிய ஜெனோவா என்றால் அதையும் கொஞ்சம் சுருட்டலாம்.
3. 23 முதல் 25: இரண்டாம் ரீஃப், ஜிப் முக்கால் அளவு.
4. 30-ஐ ஒட்டி: மூன்றாம் ரீஃப், ஜிப் பாதி அல்லது அதற்கும் குறைவு. மூன்றாம் ரீஃப் இல்லாத படகில் மெயினை முழுக்க இறக்கிவிட்டு, சிறு துண்டு ஜிப்பும் இன்ஜினும்.
5. அதற்கு மேல்: வாடகைப் படகு கடலில் இருக்கக் கூடாத காற்று.

இந்த எண்களைச் சராசரியோடு ஒப்பிடக் கூடாது. ஒற்றை உடல் படகில் சராசரிக்கு ஏற்பப் பாயை வைத்து, வீச்சு வரும்போது சாய்ந்து சமாளிக்கலாம். கேட்டமரானில் வீச்சின் உச்சத்துக்கு ஏற்பப் பாயை வைக்க வேண்டும். கடந்த கால் மணி நேரத்தில் மானி காட்டிய அதிகபட்ச எண் எது? அதுதான் அட்டவணையில் பார்க்க வேண்டிய எண். இதனால் வீச்சுகளுக்கு நடுவே படகு கொஞ்சம் மந்தமாகத் தெரியும். தெரியட்டும்.

## எண்ணுக்குக் காத்திருக்கக் கூடாத நேரங்கள்

இருட்டும் முன். இரவில் மேகம் தெரியாது, அலை தெரியாது, ஒரு கயிறு சிக்கினால் கண்டுபிடிக்க நேரமாகும். பெரும்பாலான வாடகை ஒப்பந்தங்கள் இரவுப் பயணத்தையே தடை செய்கின்றன. அனுமதி இருந்தால், பொழுது சாயும்போதே ஒரு ரீஃப் கூடுதலாகப் போட்டுவிடுவது உத்தமம்.

கருமேகத்தின் அடியில் மழைத்திரை தொங்கி, அதற்குக் கீழே கடல் வெளுத்துத் தெரிந்தால். வெப்ப மண்டலக் கடல்களில் இப்படி வரும் திடீர்ச் சூறை, 15 நாட் காற்றைச் சில நிமிடங்களில் 35 ஆக்கிவிடும். மேகம் வரும் திசையையும் வேகத்தையும் பார்த்து, அது தலைக்கு மேல் வரும் முன் வேலையை முடிக்க வேண்டும். ரேடார் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் கண் போதும்.

தீவுகளுக்கு இடையிலான கால்வாயில் நுழையும் முன். இரண்டு மலைத்தீவுகளுக்கு நடுவே காற்று நெருக்கிப் பிழியப்பட்டு வேகம் கூடும். மலையின் மறைவில் 12 நாட் இருந்த இடத்திலிருந்து முனையைத் தாண்டியதும் 25 அடிக்கும். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் ஏஜியன் கடலில் மெல்டெமி காற்று வீசும் கிரேக்கத் தீவுகளில் இது அன்றாட அனுபவம். வானம் அப்போது துடைத்த மாதிரி தெளிவாக இருக்கும், எச்சரிக்க ஒரு மேகம்கூட இருக்காது. மறைவில் இருக்கும்போதே ரீஃப் போட்டுக்கொண்டு வெளியே வருவது எளிது. வெளியே போனபின் போடுவது போராட்டம்.

மானி வேலை செய்யாதபோது, அல்லது அதை நம்ப முடியாதபோது, படகு தரும் சிறு குறிப்புகளைப் பார்க்கலாம். ஒதுக்குப்பக்க ஷ்ரவுட் பளிச்சென்று தளர்ந்து ஆடத் தொடங்கும். கொஞ்சம் தளர்வது இயல்பு, ஆடுவது இயல்பல்ல. ஒதுக்குப்பக்க உடலின் முன்முனை அலையில் எழாமல் உழுதுகொண்டு போகும். தானியங்கிச் சுக்கான் இடைவிடாமல் முனகும். வீச்சு வரும்போது வேகம் கூடாது, சத்தம் மட்டும் கூடும். கடைசியாகச் சொன்னது நல்ல அடையாளம்: கூடுதல் காற்று வேகமாக மாறவில்லை என்றால் அது வேறெங்கோ சுமையாகிக்கொண்டிருக்கிறது. கடல் முழுக்க வெள்ளை நுரை தெரிய ஆரம்பித்துவிட்டதென்றால் உண்மைக் காற்று 17 நாட்டை ஒட்டி வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

காற்றுப்பக்க உடல் தண்ணீரைவிட்டு எழுவது ஒரு குறிப்பு அல்ல. அந்தக் கட்டம் வந்துவிட்டால் தாமதம் எல்லை மீறிவிட்டது.

## காற்று பின்னாலிருந்து வரும்போது

கேட்டமரானில் மிகவும் ஏமாற்றும் நிலை இதுதான். உணரும் காற்று குறைவாகத் தெரிவதைப் பார்த்தோம். மற்ற சிக்கல்கள் படகின் அமைப்பிலிருந்து வருகின்றன.

பெரும்பாலான வாடகைக் கேட்டமரான்களில் மரத்தைப் பின்னாலிருந்து இழுக்கும் கம்பி கிடையாது. அதற்குப் பதிலாக ஷ்ரவுட்களையே சற்றுப் பின்தள்ளிக் கட்டியிருப்பார்கள். அதனால் பூமை முழுக்க வெளியே விட முடியாது. ஓரளவு போனதும் மெயின் ஷ்ரவுட்மேல் படிந்துவிடும். எதிர்க்காற்றில் வீச்சு வந்தால் ஷீட்டைத் தளர்த்தினால் போதும், பாய் படபடத்துக் காற்றை விட்டுவிடும். பின்காற்றில் ஷீட்டை எவ்வளவு தளர்த்தினாலும் பாய் கம்பியில் சாய்ந்து நிரம்பியே நிற்கும். விசையைக் குறைக்கும் எளிய வழி அங்கே இல்லை.

அப்படிப் படிந்த பாய் கீழேயும் இறங்காது. பாயின் குறுக்குச் சட்டங்களும் துணியும் கம்பியில் அழுந்தியிருக்கும்; ஹால்யார்டை விட்டாலும் உராய்வு பிடித்துக்கொள்ளும். இறக்குவதற்குப் படகைக் காற்றுக்கு எதிராகத் திருப்ப வேண்டும். பலத்த பின்காற்றிலும் பெரிய அலையிலும் அப்படித் திருப்புவதே அபாயம்: உணரும் காற்று திடீரென்று கூடும், திரும்பும் வேகம் படகை வெளிப்பக்கமாகச் சாய்க்கும், அலை பக்கவாட்டில் வந்து அடிக்கும். மூன்றும் ஒரே நேரத்தில், ஒரே திசையில்.

இதிலிருந்து சில நடைமுறை முடிவுகள் வருகின்றன.

1. பின்காற்றில் திரும்புவதற்கு முன்பே ரீஃப் போட வேண்டும். திரும்பியபின் காற்று கூடினால் போட்டுக்கொள்ளலாம் என்ற கணக்கு இங்கே உதவாது.

2. முன்னறிவிப்பு 20 நாட்டுக்கு மேல் சொன்னால், பின்காற்றுப் பயணத்துக்கு மெயினே இல்லாமல் ஜிப் மட்டும் வைத்து ஓடலாம். கொஞ்சம் மெதுவாகப் போகும். ஆனால் இழுப்பு முன்னாலிருந்து வருவதால் படகு நேராக ஓடும், பூம் பக்கம் மாறி அடிக்கும் பயம் இல்லை, ஜிப்பை உட்கார்ந்த இடத்திலிருந்தே சுருட்டலாம். விடுமுறைப் பயணத்துக்கு இதுதான் சரியான ஏற்பாடு என்பது என் கருத்து. காற்று பலமாகக் கூடினால் அந்த ஜிப்பையும் பாதி சுருட்டுங்கள். பின்னால் கம்பியில்லாத மரத்தை முழு ஜிப் முன்னோக்கி இழுப்பது நல்லதல்ல.

3. வீச்சு வந்து விழும்போது எந்தப் பக்கம் திருப்புவது? காற்று பக்கவாட்டுக்கு முன்னாலிருந்து வந்தால் காற்றை நோக்கி மெல்லத் திருப்பி ஷீட்டைத் தளர்த்த வேண்டும். பின்னாலிருந்து வந்தால் காற்றைவிட்டு விலகித் திருப்ப வேண்டும், ஆனால் பூம் பக்கம் மாறும் அளவுக்கு அல்ல. சரியாகப் பக்கவாட்டில் வந்தால் இரண்டு திசையும் முதலில் விசையைக் கூட்டவே செய்யும். அங்கே ஷீட்டைத் தளர்த்துவதுதான் முதல் வேலை. அதனால் பக்கவாட்டுக் காற்றில், பார்க்க எவ்வளவு சுகமாக இருந்தாலும், ஷீட்டுக்கு அருகில் ஒருவர் இருக்க வேண்டும்.

4. அலைமேல் சறுக்கி வேகம் 10 நாட்டைத் தாண்டத் தொடங்கினால், காற்று எண் எதுவாக இருந்தாலும் பாயைக் குறைக்க வேண்டும். சறுக்கி இறங்கும் படகு முன்னலையின் முதுகில் முனையைக் குத்தினால் வேகம் சட்டென்று நிற்கும். மரம் நிற்காமல் முன்னே போகப் பார்க்கும்.

## ரீஃப் போடும் வரிசை

படகுக்குப் படகு கயிற்று அமைப்பு மாறும். பொதுவான வரிசை இது:

1. இன்ஜினைப் போட்டு, காற்று முன்பக்கம் 30 முதல் 40 பாகையில் வரும்படி திருப்பி, மெதுவான வேகத்தில் படகை நிறுத்தி வையுங்கள். தண்ணீரில் எந்தக் கயிறும் தொங்கவில்லை என்று பார்த்த பிறகுதான் இன்ஜின். தொங்கும் கயிறு புரொப்பெல்லரில் சுற்றினால் அன்றைய நாள் அதோடு முடிந்தது.
2. பூமைத் தாங்கும் டாப்பிங் லிஃப்ட் கயிறு இருந்தால் சற்று இறுக்குங்கள். இதை மறந்தால் பூம் கூரைமேல் வந்து உட்காரும்.
3. மெயின் ஷீட்டைத் தளர்த்துங்கள். பாய் படபடக்க வேண்டும்.
4. ஹால்யார்டை, ரீஃபுக்கான அடையாளம் வரும்வரை கட்டுப்பாட்டோடு இறக்குங்கள்.
5. மரத்தை ஒட்டிய மூலையை முதலில் கீழே இறுக்குங்கள். அதற்கு அப்புறம் ஹால்யார்டை மீண்டும் இறுக்குங்கள்.
6. கடைசியாகப் பின்மூலைக் கயிற்றை, மூலை பூமோடு ஒட்டும்வரை இழுங்கள். ஒரே கயிறு இரண்டு மூலைகளையும் இழுக்கும் அமைப்பென்றால் உராய்வு அதிகம். இடையிடையே நிறுத்தி, கயிறு எங்கும் சிக்கவில்லை என்று பார்த்து இழுக்க வேண்டும்.
7. டாப்பிங் லிஃப்டைத் தளர்த்தி, ஷீட்டை இறுக்கி, போகும் திசைக்குத் திரும்புங்கள்.

கயிற்றைச் சுற்றி இழுக்கும் மின்வின்ச் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கையால் சுற்றும்போது எதாவது சிக்கினால் கைக்கு உடனே தெரியும். மின்வின்ச் அதைக் கவனிக்காது. பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தால் பாயைக் கிழித்துவிட்டும் இழுக்கும். ஒருவர் பொத்தானைத் தொட்டால் இன்னொருவர் கண் பாயின்மேல் இருக்க வேண்டும். கயிறு வழக்கத்தைவிட இறுகுகிறது என்றால் கையை எடுத்துவிட்டு மேலே பாருங்கள்.

ஜிப்பைச் சுருட்டுவது எளிது. ஷீட்டைத் தளர்த்தியபடி சுருள்கயிற்றை இழுத்தால் போதும், முழுக்கத் தளர்த்தாமல் கொஞ்சம் பிடித்திருந்தால் இறுக்கமாகச் சுருளும். சுருட்டியபின் ஷீட் போகும் கப்பியை முன்னே நகர்த்த வேண்டும். இல்லாவிட்டால் பாயின் மேற்பகுதி திறந்துகொண்டு படபடக்கும்.

## படகை வாங்கிக்கொள்ளும்போது

ஒப்படைக்கும் நாளில் நிறுவனத்தார் குளிர்சாதனம், கழிப்பறைக் குழாய், கரைக்குப் போய்வரும் டிங்கி என்ற சிறு படகு எல்லாவற்றையும் விளக்குவார்கள். பாயைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் கடைசி ஐந்து நிமிடத்தில்தான் வரும். அதற்குள் விருந்தினர்கள் நீச்சலுடையில் இருப்பார்கள். விடாமல் கேட்டுவிட வேண்டியவை:

- இந்தப் படகின் ரீஃப் அட்டவணை எங்கே? எண்கள் எந்தக் காற்றுக்கு?
- எத்தனை ரீஃபுக்குக் கயிறு கோத்திருக்கிறது? பாயில் மூன்றாம் ரீஃபின் துளை இருக்கும், கயிறு கோத்திருக்காது. நடுக்கடலில் அதைக் கண்டுபிடித்துப் பயனில்லை.
- ஹால்யார்டில் அடையாளம் போட்டிருக்கிறதா? இல்லையென்றால் துறையில் காற்றில்லாத காலையில் ஒருமுறை ரீஃப் போட்டுப் பார்த்து, வண்ண நாடா சுற்றிக்கொள்ளலாம். அந்த ஒத்திகையிலேயே எந்தக் கயிறு எந்த வின்ச்சுக்குப் போகிறது என்பதும் தெரிந்துவிடும்.
- ஒப்பந்தத்தில் காற்று வரம்பு உண்டா? குறிப்பிட்ட காற்றுக்கு மேல் துறையைவிட்டுக் கிளம்பக் கூடாது என்று பல ஒப்பந்தங்களில் இருக்கும். அதை மீறியபோது பாய் கிழிந்தால் வைப்புத்தொகை திரும்பாது. காப்பீட்டிலும் வாதம் வரும்.

பல பருவங்கள் உழைத்த பழைய பாய்க்கு இன்னொரு குணம் உண்டு. துணி நீண்டு, பை போல வயிறு தள்ளியிருக்கும். அது படகை முன்னே இழுப்பதைவிடப் பக்கவாட்டில் தள்ளுவது அதிகம். ஆக அட்டவணை 20 என்று சொன்னால் 18 என்று வாசிப்பது நியாயம்.

## அளவுக்கு மீறிக் குறைத்தால்

எல்லாவற்றுக்கும் இரண்டாம் ரீஃப் என்று வைத்துக்கொண்டால் கவலையில்லை என்று தோன்றலாம். பின்காற்றில் அது பெரும்பாலும் சரிதான். எதிர்க்காற்றில் சரிவராது. கேட்டமரான் லேசானது, அகலமானது. வாடகைப் படகுகளில் இருப்பவை ஆழமில்லாத குட்டிக் கீல்கள். போதிய உந்துதல் இல்லாவிட்டால் படகு முன்னே போவதைவிடப் பக்கவாட்டில் நழுவுவது கூடும். காற்றைக் கடந்து திசை மாற்றும்போது நடுவழியில் நின்றுவிடும். கரை ஒதுக்குப்பக்கத்தில் கிட்டே இருந்தால் இது விளையாட்டல்ல. இப்படிப்பட்ட நேரத்தில் பாயைக் கூட்டுவதைவிட ஒரு இன்ஜினை மெதுவாக ஓடவிடுவது மேல். பாய் காற்றுக்கு ஏற்ற அளவிலேயே இருக்கும், நழுவலும் குறையும்.

எதிரலையில் வேகத்தைக் குறைக்கவும் பாயைக் குறைப்பதுண்டு. பாலத்தளத்தின் அடியில் அலை மோதி 'டொம்' என்று சத்தம் வரத் தொடங்கினால், ஒன்றிரண்டு நாட் குறைத்தாலே அடி வெகுவாகத் தணியும். காற்று அட்டவணைக்கு இதில் சம்பந்தமில்லை.

காற்று தணிந்தபின் பாயைத் திரும்ப ஏற்றுவதில் அவசரம் வேண்டாம். முன்னால் போன மேகத்துக்குப் பின்னால் இன்னொன்று வருகிறதா, எண் இறங்கியது காற்று தணிந்ததாலா அல்லது படகு பின்காற்றுக்குத் திரும்பியதாலா என்று பார்க்க வேண்டும். கால் மணி நேரம் எண் தொடர்ந்து கீழேயே இருந்து, கண்ணுக்கு எட்டிய கடலில் வெள்ளை நுரையும் குறைந்திருந்தால், ஒரு ரீஃபை மட்டும் எடுக்கலாம். பொழுது சாய இன்னும் ஒரு மணி நேரம்தான் என்றால் அதையும் எடுக்காமல் விட்டுவிடலாம்; 42 அடிப் படகில் அதனால் இழப்பது பெரும்பாலும் ஒரு நாட்டுக்கும் குறைவான வேகம்.